ஆறு சிலிண்டர் பிக்கப்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு, நவம்பர் மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு முன்னால் ஜௌபரின் பிக்கப் நின்றுபோனது.

ஜௌபர் பதுளையில் அரிசி, கோதுமை மா வியாபாரம் செய்பவன். ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்காரத் தெரியாத மனிதன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார துரையிடம் அந்த லேண்ட் ரோவர் பிக்கப்பை வாங்கினான். மற்றத் தோட்டங்களில் ஓடியவற்றுக்கெல்லாம் நாலு சிலிண்டர். துரை அவுஸ்திரேலியாவிலிருந்து இறக்கிய இதற்கு மட்டும் ஆறு. ஊவா மாகாணத்தில் இதற்கு ஜோடி இருப்பதாக யாருக்கும் தெரியாது. பசறை மெக்கானிக் ஸரூக் அப்போதே சொன்னார்: "எந்த மலையும் ஏறும். ஆனா ஒரு சாமான் போச்செண்டா எங்க போய்த் தேடுவீங்க?"

இப்போது போனது டிஸ்ரிபியூட்டர் மூடி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெருப்பைப் பிரித்து அனுப்பும் உள்ளங்கை அளவு கறுப்பு மூடி, நடுவே வெடித்திருந்தது. கடைகளில் கிடைத்தவை நாலு துளை மூடிகள். இறக்குமதித் தடையால் புதிதாக எதுவும் கப்பலில் வராத காலம் அது.

கப்பல் ஏற வேண்டியவன் தம்பையா; இரு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளி. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப்போய் வழுக்கி விழுந்து, வலது காலில் கட்டோடு லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை ரயிலைப் பிடித்தால்தான் சனிக்கிழமை தலைமன்னாரில் இந்தியக் கப்பல். மண் சரிந்து, பஸ் மூன்று மைல் கீழேயே திரும்பிவிடும். சேற்றில் ஏறி வரக்கூடியது ஜௌபரின் பிக்கப் ஒன்றுதான்.

"சாமியே தடுத்திருச்சு ஜௌபர் நானா. விட்டுருங்க," என்றான் தம்பையா. அவன் முகத்தில் கவலையே இல்லை.

அவன் மனைவி இராக்கம்மா உள்ளேயிருந்து வந்தாள். "சாமி வந்து சோறு போடுமா? தோட்டத்துல பேரு வெட்டி ரெண்டு மாசமாச்சு. விசா முடிஞ்சா பொலிஸ்காரன் வந்து அள்ளிக்கிட்டுப் போவான். போறதுன்னா நம்ம கால்ல போவோம்."

சொன்ன பிறகுதான் புருஷனின் கட்டுப்போட்ட கால் கண்ணில் பட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜௌபர் வெடித்த மூடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மலையிறங்கி நடந்தான். அந்த வருடத்தில் அவன் ரயிலுக்குக் கொண்டுபோக இருந்த நாலாவது குடும்பம் இது. மூடி கிடைக்காவிட்டால் இவர்கள் தங்கிவிடுவார்களா? தங்கினால் யார் வேலை கொடுப்பார்கள்? யோசிக்க யோசிக்க நடை வேகமானது.

அன்று மாலைவரை பதுளையின் பழைய இரும்புக் கடைகளெல்லாம் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. புதன்கிழமை காலை ஸரூக்தான் நினைவுபடுத்தினார்: "இதே எஞ்சின் ரோவர் காரிலயும் ஈக்கி. பண்டாரவளை புஹாரி ஹாஜியாரிட்ட ஒரு கறுத்தக் கார் ஈக்கி, பாருங்க."

புஹாரி ஹாஜியார் துணி வியாபாரி. டயர் கிடைக்காமல் இரண்டு வருடமாகக் கொட்டகையில் நின்ற காரை ஒவ்வொரு வெள்ளியும் தானே துடைப்பவர். விஷயத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

"ஓடாட்டியும் அது முழுசா ஈக்கணும் தம்பி. இண்டைக்கி மூடி, நாளைக்கி வேறொண்டு. கடைசீல எனக்கு என்ன மிஞ்சும்?"

ஜௌபரால் உட்கார முடியவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "ஹாஜியார், ஒங்களுக்கு அது ஒரு மூடி. அந்த மனுசனுக்கு அதுதான் காலு. நாளைக்கே நானே கொண்டுவந்து மாட்டித் தாறேன்."

ஹாஜியார் ஆறிய தேநீரை ஓரமாக நகர்த்தினார். "அவங்க போக விரும்பியா போறாங்க?"

"இல்ல."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை போலும். எழுந்துபோய்க் கொட்டகைச் சாவியை எடுத்து வந்தார்.

வியாழன் விடிந்ததும் பிக்கப் உறுமியது. தம்பையாவை முன்னால் உட்காரவைத்து, இராக்கம்மா இரண்டு தகரப் பெட்டிகளோடு பின்னால் ஏறிக்கொண்டாள். மண் சரிந்த இடத்தில் நாலு சக்கரமும் சேற்றைக் கக்கின. வண்டி பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் வழுக்கியது. தம்பையா கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டான். ஜௌபர் மூச்சை அடக்கி, அடி அடியாக ஏற்றிக் கடந்தான்.

பதுளை ஸ்டேஷனை அடைந்தபோது ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இருவரையும் ஏற்றிவிட்டு, பொனட்டைத் திறந்து மூடியைக் கழற்றி, அதே ரயிலில் தானும் ஏறினான். பண்டாரவளை அந்த வழியில்தானே!

தெமோதரையில் பாதை வளைந்து வளைந்து ஏறியது. இராக்கம்மா ஜன்னலோரம் கொழுந்து மலைகளைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "நானா, திருச்சிப் பக்கம் குளிருமாங்க? கம்பளி ரெண்டையும் கட்டிட்டேன்."

அவள் பிறந்தது மடுல்சீமையில். அவள் அம்மா பிறந்ததும் அங்கேதான்.

"தெரியாது தங்கச்சி. நானும் போனதில்ல," என்றான் ஜௌபர்.

பண்டாரவளையில் இறங்கும்போது தம்பையா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டான். ரயில் அசைந்த பிறகுதான் விட்டான்.

ஜௌபர் நேராகப் போய் மூடியைக் காரில் மாட்டினான். பிக்கப் பத்தொன்பது நாள் ஸ்டேஷன் முற்றத்தில் நனைந்து கிடந்தது. கொழும்பிலிருந்த மைத்துனர் ஜுனைதீன், உடைத்துப்போட்ட காரொன்றிலிருந்து ஆறு துளை மூடி ஒன்றை அனுப்பிவைத்தார்.

அதை மாட்டி மறுபடி மடுல்சீமைக்கு ஏறிய அன்று, கீழ் லயத்தில் பெரியாயி என்பவள் வந்து நின்றாள். "அடுத்த புதன்கிழமை எங்களுக்கு ரயிலுங்க நானா."

"வேற ஆளப் பாருங்க," என்றான் ஜௌபர். வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினான். கியர் போடவில்லை. ஆறு சிலிண்டரும் சீராக ஓடிக்கொண்டிருந்தன. அவள் நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே நனைந்துகொண்டே நின்றாள்.

கடைசியில் எஞ்சினை அணைத்து இறங்கினான்.

"எத்தின பெட்டி?" என்று கேட்டான்.