முப்பது விநாடிக்கு ஒரு டிக்

நடத்தையின் உயிரியல் என்று பாடத்துக்குப் பேர் என்னவோ பெரிசு. மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை மட்டும் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான். ஏதாவது ஓர் உயிரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம், முப்பது விநாடிக்கு ஒருமுறை, அது அந்தக் கணத்தில் என்ன செய்கிறதோ, தாளில் அதற்கான கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே உயிரைப் பார்க்க வேண்டும், ஆனால் ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசியில் இரண்டு தாளையும் ஒப்பிட்டு நூற்றுக்கு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்குப் போட வேண்டும். எண்பதுக்குக் கீழே வந்தால் மறுபடி முதலிலிருந்து. "பார்த்ததை எழுதுங்க, தெரிஞ்சதை எழுதாதீங்க" என்று பேராசிரியையும் வகுப்புக்கு வகுப்பு தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள்?

மற்றவர்கள் புறா, பூனை, பக்கத்து வீட்டு நாய் என்று வெயிலில் அலைந்தபோது ரேடியோ தன் அப்பாவைத் தேர்ந்தெடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் கையுமாக உட்கார்ந்தால் மனுஷன் அசைய மாட்டார், நமக்கும் அலைச்சல் இல்லை என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி ஆர்வம்.

ரேடியோ என்பது பஸ்ஸில் அவளுக்கு விழுந்த பேர். அப்பா ஓட்டுவது பல்கலைக்கழக பஸ். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. ஓட்டுநருக்குப் பக்கத்து ஒற்றை இருக்கை இவளுடையது, வேறு யாரும் அங்கே உட்காரத் துணிய மாட்டார்கள். ஏறியது முதல் இறங்கும் வரை வாய் மூடாது. எவன் குறுக்கே வருகிறான், எந்த லாரி நடுரோட்டில் நிற்கிறது, எந்தக் கிழவர் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் இறங்கிவிட்டார் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வருவாள். அப்பாவும் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். பேச்சுக்குப் பஞ்சமில்லாத வீடு என்பதில் இரண்டு பேருக்குமே பெருமைதான்.

கூட்டாளியாக வாய்த்தவள் நேர் எதிர். வகுப்பில் கடைசித் தூணோடு சாய்ந்து உட்கார்ந்து, மாதத்துக்கு இரண்டு வாக்கியம் பேசுகிறவள். தூண் என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதே பஸ்தான், கடைசி இருக்கை.

ஞாயிற்றுக்கிழமை தூண் வீட்டுக்கு வந்தாள். அப்பா ஜன்னலோரம் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, குரங்கு எதுவும் கிடைக்கலையா?"

"கிடைச்சுதுப்பா. அது உங்களை மாதிரி ஒரு இடத்துல உட்காரமாட்டேங்குது."

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தூண்கூடப் பல் தெரியச் சிரித்தாள். அப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து டிக் போட்டார்கள். ரேடியோவுக்குப் பாதி நேரம் கொட்டாவி. படிக்கிறார், படிக்கிறார், டீ குடிக்கிறார், மறுபடி படிக்கிறார். நிமிர்ந்து பார்க்காமலேயேகூட நாலைந்து டிக் போட்டாள். அப்பா என்ன செய்வார் என்பது அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் பிற்பகல் மூன்றரைக்குப் பேராசிரியையின் அறையில் இரண்டு தாளும் மேஜைமேல் வந்தன. மொத்தம் நூற்றிருபது டிக். ஒத்துப்போனது முப்பது.

"நூத்துக்கு இருபத்தஞ்சு" என்றார் பேராசிரியை. "நூறு வந்தா காப்பியடிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். இருபத்தஞ்சு வந்தா யாரோ ஒருத்தர் தூங்கியிருக்கீங்க. யாரு?"

"நான் இல்ல மேடம்" என்றாள் ரேடியோ. கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. "எங்கப்பா எழுபத்தெட்டு தடவை பேப்பர் படிச்சிருக்கார். இவ படித்தல்ல ஒண்ணுகூடப் போடல. பூஜ்யம். அவளா ஒரு கட்டம் கோடு போட்டு, 'தாளைப் பிடித்திருத்தல்'னு எழுதி எல்லா டிக்கையும் அதுல போட்டிருக்கா. நடக்கிறதுக்கும் அப்படித்தான். பன்னெண்டு தடவையும் 'சுவரைத் தொட்டபடி நகர்தல்'. என்ன மேடம் இது, கதையா எழுதச் சொன்னீங்க?"

பேராசிரியை தூணைப் பார்த்தார். "ஏன் படித்தல்னு போடல?"

தூண் இரண்டு மாதத்துக்கான வாக்கியங்களை ஒரே மூச்சில் செலவழித்தாள்.

"படிச்சா கண்ணு அசையணும் மேடம். அசையல. பக்கத்தைத் திருப்பவே இல்ல. அவர் முன்னாடி இருந்தது ஒரு முழுப்பக்க மெத்தை விளம்பரம். நாப்பது நிமிஷம் அதையேதான் பிடிச்சிருந்தார்."

ரேடியோவுக்குச் சிரிப்புதான் வந்தது. மெத்தை விளம்பரத்தை நாற்பது நிமிஷம் பார்க்க அவர் என்ன கல்யாண மாப்பிள்ளையா? சிரிப்போடு திரும்பியவள் பேராசிரியையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் தூணின் தாளில் குறிப்பு என்ற கடைசிப் பத்தியை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் தாளை இவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

'டீ ஊற்றும்முன் டம்ளருக்குள் ஒரு விரலை விடுகிறார். டீ விரலில் பட்டதும் நிறுத்துகிறார்.' 'மகள் பேசினால் மட்டுமே மகள் பக்கம் முகம் திரும்புகிறது.' 'டம்ளரை மேஜையில் வைக்கும்முன் மேஜை விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்.' 'மகள் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆறு நிமிடம் கழித்து, காலி நாற்காலியைப் பார்த்து, மணி என்னம்மா ஆச்சு என்று கேட்கிறார்.'

கடைசி வரியை இவள் இரண்டு தடவை படித்தாள். சமையலறைக்குப் போனது உண்மை. பிஸ்கட் எடுக்கத்தான் போனாள். திரும்பி வந்தபோது "கேட்டா பதிலே சொல்லமாட்டேங்குற" என்று அப்பா கோபித்துக்கொண்டதும் உண்மை.

"உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார் பேராசிரியை.

ரேடியோ கடைசி வரியை மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருந்தாள். தூண்தான் சொன்னாள்.

"நம்ம பஸ் ஓட்டுறார் மேடம்."

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது. சாயங்கால நடை நாலு மணிக்கு.

ரேடியோவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பாவும் மூன்று நாள் லீவு போட்டார். இவ்வளவு பாசமா என்று பஸ்ஸில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஒருநாள் ஏதோ கோபத்தில் இவள் வாயே திறக்காமல் உட்கார்ந்து வந்தாள். அன்றைக்கு பஸ் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து ஊர்ந்து இருபத்தைந்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. 'அப்புறம்? அப்புறம்?' என்று அப்பா எத்தனை தடவை கெஞ்சினார்! சமாதானம் பண்ணுகிறார் என்றல்லவா நினைத்தாள். சிவப்பு விழுந்துடுச்சுப்பா, பச்சைப்பா, ஒரு சைக்கிள்காரன் குறுக்க வர்றான்ப்பா... கடவுளே, அத்தனை நாளும் அந்த பஸ்ஸை ஓட்டியது யார்?

"நான் போக்குவரத்து ஆபீசுக்குப் போன் பண்ணியாகணும்" என்றார் பேராசிரியை. "உங்கப்பாங்கிறதால பத்து நிமிஷம் தர்றேன். நீ போய் முதல்ல பேசு. வண்டி மட்டும் கிளம்பக் கூடாது. புரியுதா?"

அவள் ஓடினாள். மூன்று மாடி, வராந்தா, நூலக வாசல் என்று எதையும் பார்க்காமல் ஓடினாள். தூணும் பின்னாலேயே ஓடி வந்தாள். ஓடும்போதுகூட மனசு ஒரு பக்கம் வாதாடியது. தூண் தப்பாகப் பார்த்திருக்கலாம். அப்பாவுக்கு வயசாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை செய்தார்களே, கடைசி வரி எழுத்துவரை கடகடவென்று சொன்னாராமே! அந்த வரிசையை முந்தின வாரம் முழுக்க இவளிடம்தான் ஒப்பித்துக்கொண்டிருந்தார் என்பதும் கூடவே ஞாபகம் வந்து தொலைத்தது. விளையாட்டு என்று சொல்லியிருந்தார். இவள் மார்க் போட்டாள்.

பஸ் மர நிழலில் நின்றிருந்தது. பாதிக்கு மேல் ஆள் ஏறியாகிவிட்டது. உள்ளே ஒரே அரட்டை. அப்பா கீழே, முன்கதவுக்குப் பக்கத்தில், சீருடையில் மடிப்புக் கலையாமல் நின்று ஏறுகிறவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு மிடுக்காக இருந்தார்!

ரேடியோ நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். இரண்டடி தூரம்தான். நல்ல வெயில். மூச்சு வாங்குவதைக்கூட அடக்கிக்கொண்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

அப்பா அவள் முகம் இருக்கிற பக்கம்தான் பார்த்தார். மரியாதையாகப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை இவள் பார்த்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற புன்னகை அது.

"ஏறுங்க, ஏறுங்க. உள்ள இடம் இருக்கு" என்றார். "என் பொண்ணு வரணும். அவ வந்ததும் எடுத்துடலாம்."

அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற மகள், இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவள், கையெட்டும் தூரத்தில் நிற்கிறாள்.

"அப்பா" என்றாள்.

புன்னகை அப்படியே நின்றது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. வேறு யாராக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இவளிடம் என்ன சொல்ல முடியும்?

"எவ்வளவு நாளாப்பா?"

"நடுவுலதான்ம்மா கொஞ்சம் அழிஞ்சாப்ல இருக்கு. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் படிப்பு முடியிற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன். ரோடு எனக்கு மனப்பாடம். மீதிக்குத்தான் நீ இருக்கியே. ஒரு கீறல் விழுந்திருக்கா வண்டியில? சொல்லு."

விழவில்லைதான். ஒரே ஒரு காலையில் இவள் போனைப் பார்த்துக்கொண்டு வந்திருந்தால்? ஒரு தும்மல் வந்திருந்தால்? ரோட்டில் இருந்த அத்தனை பேரும் தன் வாயை நம்பி நடந்திருக்கிறார்கள், அது தனக்கே தெரியாது என்ற நினைப்பு அவளைப் போட்டு உலுக்கியது. அப்பா மேல் அவளுக்கு அன்றுவரை வராத கோபம் வந்தது. கூடவே அவரைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது.

"நான் இன்னைக்கு வரலப்பா. இனிமே வரமாட்டேன்."

அப்பா திகைத்துப்போனார். "நீ வரலைன்னா நான் எப்படிம்மா ஓட்டுறது?"

கேட்ட பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலும். கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னலிலிருந்து யாரோ, "அண்ணே, டைம் ஆச்சு" என்று குரல் கொடுத்தார்கள்.

"உள்ள எத்தனை பேரும்மா இருக்காங்க?"

தூண் எண்ணிச் சொன்னாள். "நாப்பத்தி ஒண்ணு."

அப்பா சாவியை எடுத்து நீட்டினார். ரேடியோ வாங்கிக்கொண்டாள்.

"நீயே சொல்லிடும்மா. எனக்கு வாய் வரல."

அவள் படியேறி உள்ளே போய் நின்றாள். நாற்பத்தொரு முகமும் நிமிர்ந்தன. இன்றைக்கு என்ன செய்தி என்று கேட்கிற மாதிரி இரண்டு பேர் கண்ணைச் சிமிட்டினார்கள்.

"எல்லாரும் இறங்கிடுங்க" என்றாள். "எங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது."

பின்னாலிருந்து யாரோ பலமாகச் சிரித்தார்கள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கீழே அப்பா நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுவதை ஜன்னலோரம் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். அப்புறம் மற்றவர்களும் எழுந்து பார்த்தார்கள்.