சாயத் துப்பாக்கிக்கு ஏற்ற எண்ணெய்

ஒரு படையின் வெற்றியும் தோல்வியும் அதன் ஆயுதங்களுக்குப் போடும் எண்ணெயில்தான் இருக்கிறது என்பார் ரப்பர் தோட்டத்துக் கங்காணியான மண்டோர் இன்னாசி. அவருடைய ஆயுதம், வெட்ட வேண்டிய ரப்பர் மரங்களைச் சாயக் குண்டால் சுட்டு அடையாளம் வைக்கும் துப்பாக்கி. மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் அந்தத் தோட்டம் ரப்பரை அழித்து, பாமாயில் தரும் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்த 1982-ஆம் ஆண்டு அது. மறுநாள் துரை முன்னால் ஒழுங்காகச் சுட்டுக் காட்டினால், செம்பனையிலும் அவரே மண்டோர்.

தேங்காய் எண்ணெய் சமையலுக்கு, தையல் மிஷின் எண்ணெய் பொம்பளைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டு, லாரி இன்ஜின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார்.

“இது சரியா வருமாங்க?” என்றாள் மனைவி லூர்தம்மா.

“லாரியே ஓடுதுலா, இது ஓடாதா?”

காலையில் துப்பாக்கி ஒரு பெருமூச்சு விட்டது. சாயம் அவர் சட்டையிலேயே வழிந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் எண்ணெய் குடித்து உப்பிப்போயிருந்தது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது என்பது, ரப்பர் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அன்றுதான் தெரிந்தது. துரை ஒரு பிரஷ்ஷையும் சாய டின்னையும் பக்கத்தில் நின்ற தொழிலாளி சன்னாசியிடம் கொடுத்தார். மண்டோர் வேலையும் சன்னாசியோடு போயிற்று.

அவசரப்பட்டுவிட்டோமே என்று நொந்தபடி வீடு திரும்பினார் இன்னாசி.

“துப்பாக்கிப் பெட்டியில சின்னப் புட்டியில எண்ணெய் இருந்திச்சே, அத ஏங்க போடல?” என்றாள் லூர்தம்மா.

இன்னாசியின் கை மீசைக்குப் போனது. வெளிநாட்டுச் சரக்கு என்று அதை அவர் மீசைக்குத் தடவித் தீர்த்திருந்தார்.