மூட்டையில் எண்ணிய தவளைகள்

பேராசிரியர் தோத்தாத்ரிக்குச் சேறு ஆகாது. விலங்கியல் துறைத் தலைவர், தவளைகளைப் பற்றிப் பதினேழு கட்டுரை எழுதியவர். ஆனால் வயல் வரப்பில் அவர் கால் பட்டதை ஞானசௌந்தரி ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவள் அதே துறையில் விரிவுரையாளர். எழுபத்திரண்டிலிருந்து மூன்று மழைக்காலமாக, வகுப்பு முடிந்ததும் தாம்பரத்தில் பஸ் பிடித்துப் பெரும்பாக்கத்தில் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏரிக்கரையோரம் குறிப்பிட்ட நாலு வயல்களில் தவளை எண்ணிவந்தாள். முதல் வருஷம் நூற்றுப்பன்னிரண்டு பெருந்தவளைகள் இருந்தன. மூன்றாம் வருஷம் பத்தொன்பது. அவற்றைத் தின்ன வரும் நாரைகளும் பாதியாகிவிட்டன.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டார் தின்னப் போகும் தவளைக்கால் ஏற்றுமதியால் இனம் அழிகிறதா என்று அரசாங்கம் கேட்டது. ஆராயும் பொறுப்பைத் தோத்தாத்ரி ஏற்றார். ஏற்றுமதிக் கம்பெனி அனுப்பிய காரில் போய், அவர்கள் போட்ட நாற்காலியில் இரண்டு நாள் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே வந்திறங்கும் தவளை மூட்டைகளை எண்ணினார். மூட்டை குறையவில்லை, ஆகவே தவளையும் குறையவில்லை என்று எழுதினார். டைப் அடித்தவர் ஏதோ வரியை விட்டுவிட்டார் என்றுதான் ஞானசௌந்தரி முதலில் நினைத்தாள்.

தவளை பிடிக்கும் சவுரிமுத்துவை அவளுக்கு வரப்பிலேயே பழக்கம். அவனிடம் கேட்டாள்.

"இங்க தவள ஏது டீச்சரம்மா? மதுராந்தகம் தாண்டிப் போய்ப் புடிச்சிகினு வர்றோம்," என்றான். "வர்ற வருஷம் அங்கயும் இருக்காது."

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவனுக்குத் தெரிந்தது பதினேழு கட்டுரைக்காரருக்குத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும் என்று வீடு திரும்பும் வழியில் தோன்றியபோது கோபம் அருவருப்பாக மாறியது.

அதிகாரிகள் கூட்டத்தில் அவர் அறிக்கையைப் படித்து முடித்ததும் எழுந்தாள். சவுரிமுத்து சொன்னதையும் தன் எண்ணிக்கையையும் சொன்னாள். சயின்ஸில் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று தோத்தாத்ரி சிரித்தார்.

"சுடுகாட்டுக்கு வர்ற பிணத்தை எண்ணி, ஊர்ல எல்லாரும் சௌக்கியம்னு எழுதியிருக்கீங்க சார்," என்றாள்.

ஒரு அதிகாரி சிரிக்கத் தொடங்கி, அதை இருமலாக்கிக்கொண்டார். அவள் பேச்சை மாற்றுக் கருத்து என்று குறித்துக்கொண்டு அறிக்கையை ஏற்றார்கள். அதில் தோத்தாத்ரி பெருந்தன்மையாக இரண்டாவதாகச் சேர்த்திருந்த தன் பெயரை, எல்லாருக்கும் முன்னால் பேனாவால் அடித்துவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த வாரமே எல்லா மாலைகளிலும் அவளுக்குச் செய்முறை வகுப்பு போடப்பட்டது. சனிக்கிழமைகளில் போய் எண்ணினாள். ஒவ்வொரு வருஷமும் கணக்கைத் தன் பெயரில் நேராக டெல்லிக்கு அனுப்பினாள். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில் வரும். அவ்வளவுதான்.

நாலு வருஷத்தில் காற்று திசை மாறியது. பத்திரிகைகள் தவளைக்காக அழ ஆரம்பித்தன. உடனே தோத்தாத்ரியும் அழுதார், அதுவும் மைக் வைத்து. தவளைக் காவலர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடானது. மேடையில் சொல்வதற்கு அவளுடைய எண்ணிக்கைகள் வேண்டுமென்று பியூனிடம் சீட்டு கொடுத்தனுப்பினார்.

சீட்டின் பின்பக்கத்தில் பெரும்பாக்கம் பஸ் கிளம்பும் நேரங்களை எழுதி, அதே பியூனிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாள் ஞானசௌந்தரி.