ஐஸ் பெட்டிக்குள் இருந்த போத்தல்

குச்சவெளியில் கொலராவால் ஒருவரும் சாகவில்லை. அதற்காக எனக்கொரு சான்றிதழ் தந்தார்கள். அலுமாரிக்குள் எங்கேயோ கிடக்கிறது. எடுத்துப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

சண்டைக் காலம். நான் அந்தப் பகுதிக்குச் சுகாதாரப் பரிசோதகர். திருகோணமலை நகரத்தில் நாலைந்து பேர் வயிற்றோட்டத்தில் செத்ததும், மேலதிகாரி ஞானசேகரம் அவசர அவசரமாக உத்தரவு எழுதினார். கண்ட கண்ட தண்ணீரில் செய்த ஐஸால் நோய் பரவுகிறதாம், அதனால் ஒரு துண்டு ஐஸும் எங்கேயும் இருக்கக் கூடாதாம். வாந்தி எடுக்கிறவர்களை ஆஸ்பத்திரி வாகனத்தைத் தவிர வேறெதிலும் ஏற்றக் கூடாது என்பது அடுத்தது. இரண்டையும் நோட்டீசாகச் சுவரில் ஒட்டியவன் நான்தான். பசைகூட என் வீட்டுக் குசினியில் காய்ச்சியது.

மீன் வியாபாரி முனாப் ஐஸ் போட்டு மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டியை மண்ணில் கவிழ்த்துக் கொட்டினேன். பாரை மீன்களோடு, இறுக மூடிய ஒரு சின்னப் போத்தலும் உருண்டு வந்தது. உள்ளே இன்சுலின்.

அது தையல்காரி இராசமலருடையது. இருபத்தாறு வயது. பதின்மூன்று வயதிலிருந்தே காலையும் மாலையும் அந்த ஊசி போட்டால்தான் அவளுக்கு உயிர். ஊரில் கரண்ட் இல்லாமல் போய் வருசக்கணக்கு. குளிரில் வைக்கவேண்டிய மருந்துக்கு மீன் பெட்டியை விட்டால் வேறு இடமில்லை.

“ஐயா, மீன் நாறினா நாறட்டும். இந்தப் போத்தலுக்கு மட்டும் ஒரு கட்டி விடுங்க,” என்றார் முனாப்.

இராசமலரும் வந்து கேட்டாள். ஒரு சிரட்டை அளவு ஐஸ் போதும், அதை யாரும் வாயில் வைக்கப்போவதில்லை என்றாள். நியாயமான கதைதான். எனக்கோ அதிகாரம் தலைக்கேறியிருந்தது. ஒருவருக்கு விட்டால் நாளைக்கு ஊரே போத்தலோடு வந்து நிற்கும் என்றேன். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகாது என்று வேறு சொன்னேன். இன்சுலினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஆடி மாத வெயில், அவளுடையது தகரக் கூரை. அடுத்த போத்தல் கிளினிக் திகதிக்குத்தான் கிடைக்கும். சூட்டில் கெட்ட மருந்தையே அவள் நாளும் பொழுதும் குத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் கிழமை ஒரு காலையில் வாந்தி தொடங்கியது.

வாந்தி என்றதும் அயலட்டச் சனம் வேலிக்கு வெளியே நின்றுகொண்டது. முனாப் மட்டும் தன் மீன் ஏற்றும் வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். நான் முன்னால் போய் மறித்தேன். ஆஸ்பத்திரி வாகனத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று, வரும்வரை பொறுக்கவேண்டும் என்றேன்.

பாயில் சுருண்டு கிடந்த இராசமலர் தலையைத் தூக்கினாள். மூச்சு வாங்கியது.

“ஐயா, இது கொலரா இல்ல. எனக்குச் சீனி கூடிட்டுது. எனக்குத் தெரியும்.”

பானைக்குப் பக்கத்தில் போத்தல் இருந்தது. தெளிவாக இருந்த மருந்து கலங்கி, அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் நான் வானை விடவில்லை. நோட்டீசில் என் கையெழுத்து இருந்தது. என் முகத்தில் நானே காறித் துப்பவேண்டும்.

சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஆஸ்பத்திரி வாகனம் வர மத்தியானம் திரும்பிவிட்டது. இராசமலர் போகிற வழியிலேயே செத்துப்போனாள்.

அடுத்த கிழமை நகரத்தில் கூட்டம். சான்றிதழ் தரும்போது, குச்சவெளியில் ஒரு பொம்பிளைப் பிள்ளை செத்ததாமே என்று ஞானசேகரம் மெதுவாகக் கேட்டார்.

“வயித்தோட்டமோ?”

“இல்லை சேர். சீனி வருத்தம்.”

“அப்ப பிரச்சினையில்லை. அது எங்கட அறிக்கையில வராது.”

அவர் முகம் தெளிந்தது. எல்லோருக்கும் தோடம்பழச் சாறு வந்தது. ஒவ்வொரு கிளாசிலும் இரண்டு கட்டி ஐஸ் மிதந்தது. நான் கிளாசையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பயப்படாமல் குடியுங்கோ. கொதிச்சாறின தண்ணியில என்ர வீட்டில போட்ட ஐஸ்,” என்றார்.

நல்ல வெயிலில் வந்திருந்தேன். கட்டி பல்லில் முட்டும்வரை குடித்தேன். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார்கள்.

ஓம் என்றேன்.