ஏஞ்சல் கன்னத்து நிழல்

“பாதி மூஞ்சிக்குத் தாரு பூசி வெச்சிகீறியேய்யா. எங்கம்மா பாத்தா பயந்துக்கும்.”

“இருட்டா கீற எடத்த இருட்டாத்தான் போடணும், ஏஞ்சலு.”

“இன்னா இருட்டு? எனக்கு ரெண்டு கன்னமும் வெயில்ல சுடுது.”

கும்மிடிப்பூண்டியில், ஒரு லைன் வீட்டு வாசலில், ஞாயிறு காலையில், அவன் வரைந்த அவள் முகத்தை வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை இது. சாம்சன் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். லீவு நாளில் படம் வரைவான். கலர் எப்படி இருந்தாலும், வெளிச்சமும் இருட்டும் சரியான அளவில் விழுந்தால் முகம் தானாக எழுந்து வரும் என்பான். அதை அளக்க இடது கண்ணை மூடி, வலது கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது அவன் பழக்கம்.

“இரு, கருப்பு வெள்ளையில போட்டோ புடிக்கிறேன். யாரு சொல்றது சரின்னு பாத்துக்கலாம்.”

போனில் அவள் கன்னம் இரண்டும் ஒரே வெளுப்பு. வரைந்த படத்தில்தான் ஒரு பக்கம் கரி.

சாம்சன் மறுபடி கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தான். நிழல் இருந்தது. சுவரைப் பார்த்தான். நிழலும் கூடவே நகர்ந்து சுவரில் உட்கார்ந்தது. வானத்திலும் அப்படியே. கண்ணை மாற்றி மூடினான். வானம் முழுசாக வெளுத்திருந்தது.

உள்ளே போய், போன வாரம் வரைந்து ஒட்டிய தண்ணீர்த் தொட்டிப் படத்தைப் பார்த்தான். அதன் ஓரத்திலும் அதே கருப்பு, சின்னதாக.

“ஏஞ்சலு, நிழலு உன் மேல இல்ல. என் கண்ணுக்குள்ள கீது.”

சிரிக்க வந்தவள் நிறுத்திக்கொண்டாள். “எத்தினி நாளா?”

“தெரில. ரெண்டு கண்ணும் தொறந்துகினு இருந்தா தெரிய மாட்டேங்குது. நாளைக்கி ஷிப்ட் முடிச்சிட்டு காட்டிக்கலாம்.”

“இந்தக் கண்ண வெச்சிகினு கிரேன் மேல ஏறுவியா நீ? சட்டையப் போடு.”

சென்னை ரயிலில் அவன் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தான். மீஞ்சூர் தாண்டும்போது நிழல் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது போலிருந்தது. ஏஞ்சல் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, விடாமல் வைத்துக்கொண்டாள்.

விழித்திரை கிழிந்து பிரிந்துகொண்டிருக்கிறது, காலையில் ஆபரேஷன் என்றார் கண் ஆஸ்பத்திரி டாக்டர். பார்வை எந்த அளவுக்குத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். கட்டிலில் படுத்துக்கொண்டு சாம்சன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்த ஆபரேஷனுக்குப் பிறகும் படம் வரைகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள்: நிழலுக்குள் இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசம் உங்களுக்கு மறுபடி தெரிந்ததா?