காய்ந்த பூவின் படம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, ஒட்டுக் கேட்டேன். பாரிஸில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு போன் கடை. என் போனின் உடைந்த கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டு நின்றேன். ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

“அண்ணை, அனுப்பின படத்தைத் திருப்பி எடுக்கேலுமோ?”

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சத்தை நானே நட்டேன்.

2

பெயர் யசோதா என்று வைப்போம். பாரிஸுக்கு வெளியே லா கூர்னெவ்வில் கீழ்த்தளத்து வீடு. பின்னால் பாய் விரிக்கிற அளவு தோட்டம். அதில் ஓர்தான்சியாச் செடி ஒன்று, பந்துபோலக் கொத்தாகப் பூப்பது. மகள் கஜனி கொடுத்தது. உறைபனியையும் தாங்கும் என்று சட்டியில் எழுதியிருந்தது. அடுத்த வருடம் கஜனி தன் விருப்பப்படி கல்யாணம் செய்தாள். யசோதா போகவில்லை. நாலு வருடமாகப் பேச்சில்லை. செடியும் பேருக்கு ஒரு பூப் பூக்கும், இல்லாவிட்டால் அதுவுமில்லை.

(செடியும் மகளும் ஒன்றுபோல… வேண்டாம். யசோதாவுக்குக் கோபம் வரும்.)

3

பிழை யசோதாவுடையதுதான். தீபாவளிக்குத் துப்புரவு செய்யும்போது வாடிய பூக்களைக் கிளையோடு ஒட்ட வெட்டிவிடுவார். சாமிப் படத்திலேயே வாடின பூவை ஒருநாள்கூட விடாதவர், தோட்டத்தில் விடுவாரா? அடுத்த வருடத்து மொட்டு அந்தக் கிளையில்தான் இருக்கும் என்று மேல்வீட்டு றொஜர் போன வருடம்தான் சொன்னார்.

“வெட்டாதேங்கோ மடாம். காய்ஞ்ச பூதான் மொட்டுக்குத் தொப்பி. மார்ச் வரைக்கும் விடுங்கோ.”

(றொஜருக்குத் தமிழ் தெரியாது. என் கதையில் தெரியும்.)

குளிர்காலம் முழுக்க யசோதா அந்தப் பழுப்புப் பூவைப் பார்த்தபடி தனியாகத் தேத்தண்ணி குடித்தார். “செத்தவீடு மாதிரிக் கிடக்கு” என்று அதனிடமே சொன்னார். வேறு யாரிடம் சொல்வது?

இன்று காலை பூவுக்குக் கீழே இரண்டு மொட்டு. குனிந்து படமெடுத்தார். யோசிக்காமல் கஜனிக்கு அனுப்பிவிட்டார்.

ரயில் கார் து நோர் ஸ்டேசனுக்கு வரும்போதுதான் உறைத்தது. படத்தில் மொட்டு மிளகளவு, காய்ந்த பூ முகமளவு. கட்டிக்கொடுத்த பிள்ளைக்கு… இல்லை, கட்டிக்கொடுக்காத பிள்ளைக்கு, நாலு வருடத்துக்குப் பிறகு அனுப்பியது வாடின பூ!

4

கடைக்காரர் தவரத்தினம் போனை வாங்கிப் பார்த்தார்.*

“அவ இன்னும் பாக்கேல்லை அக்கா. அழிக்கலாம். ஆனா ஏதோ அழிச்சதெண்டு அவவுக்குக் காட்டும்.”

“ஐயோ! அப்ப அதைவிடக் கூடாததையெல்லோ நினைப்பாள்.”

“விளக்கி ஒரு வரி எழுதுங்கோவன்.”

“நாலு வருசம் பேசாதவளுக்கு என்னெண்டு தொடங்கிறது?”

எனக்கும் அதே சிக்கல். இந்தக் கதைக்கு ஆறு தொடக்கம் எழுதிக் கிழித்தேன்.

* இவருக்கு அவர் அண்ணை, அவருக்கு இவர் அக்கா. யார் மூத்தவர் என்று நான் கேட்கவில்லை.

5

முடிவு ஒன்று: அழிக்கிறார். இரண்டு: கஜனி அன்றைக்கே ஓடிவருகிறாள். இரண்டும் பொய், அடித்துவிட்டேன்.

ஒட்டுக் கேட்டதோடு சரி என்று முதலில் சொன்னதும் பொய்தான். அந்தப் பெண் போனில் “பிள்ளை” என்று எழுதினார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கையிலை கொப்பி வைச்சிருக்கிறியள். எழுதிற ஆள்போலை. ஒரு வரி சொல்லுங்கோவன்.”

கொப்பியைத் திறந்து பார்த்தேன், மூடினேன். வெட்கக்கேடு. என் போனைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். கஜனி எந்த நேரமும் பார்த்துவிடலாம். நான்தான் ஓடிவந்தேன், நீங்களாவது அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். பிள்ளை,