பேசாலைப் பனிப்பூச்சியின் இடக்கை முடிச்சு

2023ஆம் ஆண்டு தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கிய மூன்றாம் நாள் காலை, பேசாலையில் கிழிந்த வலை பொத்துகிற றஞ்சிதத்தின் வாசலில் செட்டை கிழிந்த பனிப்பூச்சிகள் நாற்பத்தொன்று வரிசையில் நின்றன. முருங்கைப் பூவில் சாறு குடித்துச் சீவிக்கும் இந்தப் பூச்சியின் நீளம் ஒரு மில்லிமீற்றர். செட்டை என்று அதற்கு வாய்த்தது ஒரு மெல்லிய காம்பும் அதன் இரு கரையிலும் சடைத்த மயிரும்தான். வள்ளங்களே கரையில் ஏறிக் கிடக்கிற காற்றில் அந்த மயிர் என்ன பாடுபடும். றஞ்சிதத்துக்கு ஐம்பத்துநாலு வயது, கண்ணாடி போடாதவர், நைலோன் வலையின் கண்களைப் பத்து முழத்துக்கு அப்பால் இருந்தே எண்ணுகிறவர். "வந்திட்டியளோ, நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வலையை முடித்த பிறகே பூச்சிகளை எடுத்தார், வலை முந்தி வந்தது என்பதால். ஊசிக்குப் பூனையின் மீசை, நூலுக்குச் சிலந்தி இழை. மத்தியானச் சோற்றுக்கு முன்னர் நாற்பத்தொன்றும் பறந்துபோயின.

இதில் மனம் நொந்தவர் அவருடைய புருசன் அருளப்பு ஒருவர்தான். "என்ர வலை ரெண்டு கிழமையாக் கிடக்குது. பூச்சியளுக்கு உடன வேலை" என்றார். "அதுகள் வரிசையில நிண்டதுகள். நீங்கள் எந்த நாளிலயெண்டாலும் வரிசையில நிண்டனீங்களே?" என்று கேட்டார் றஞ்சிதம். அருளப்பு முற்றத்துக்குப் போய்ச் சுருட்டைப் பற்றவைத்தார். கச்சான் முடியும்வரை பூச்சிகள் நாள்தோறும் வந்தன. ஒழுங்கையால் போகிறவர்கள் வரிசையை மிதிக்காமல் விலகிப் போனார்கள். மீன் விலையைத் தவிர வேறெதையும் இரண்டு தரம் பேசாத ஊரில் இது செய்தியாகவே இல்லை.

பேசாலையில் ஒரு முடிச்சைப் பார்த்தால் யாருடைய கை என்று சொல்லிவிடுவார்கள். றஞ்சிதத்தின் கை இடக்கை. மற்றவர்கள் வலப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்குவதை அவர் இடப்பக்கம் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவார். புயலில் அள்ளுண்டு முள்ளிக்குளத்துக் கரையில் ஒதுங்கிய வலையை, அந்த ஊரவர்கள் முடிச்சைப் பார்த்தே அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், விலாசம் எழுதாமல்.

அந்த ஆவணி விடுமுறைக்கு அருளப்புவின் தங்கை மகள் டினோஜா ஊருக்கு வந்தாள். கொன்வென்ற் விடுதியில் வளர்ந்தவள், மீனைத் தெரியும், வலையைத் தெரியாது. தலைநகரில் பூச்சிகளை ஆராயும் ஒரு கந்தோரில் உதவியாளர். மாமியின் முருங்கைப் பூக்களை வெள்ளைத் தாளின் மேல் தட்டி, விழுந்த பூச்சிகளைச் சாராயத் திரவத்தில் இட்டுக்கொண்டு போனாள். பிறகு ஒன்றரை வருசம் நுணுக்குக்காட்டிக்கு மேல் குனிந்திருந்தாள். உணர்கொம்பில் ஏழு கணு. தன் இனத்து எல்லாப் பூச்சிகளையும் போல இடது தாடை மட்டும், வலது தாடை கிடையாது. கழுத்து மூலையில் இரண்டு நீண்ட மயிர். எல்லாவற்றிலும் அது கடலுக்கு அப்பால், இந்தியக் கரையில் இருக்கும் பூச்சியையே ஒத்திருந்தது, ஒன்றைத் தவிர. இதன் செட்டைக் கரையில் மூன்று இடங்களில் மயிர்கள் முடிச்சிட்டிருந்தன. முடிச்சுள்ள பனிப்பூச்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதிய இனம் என்று எழுதினாள்.

அவளுக்கு மேலே இருந்தவர் பேராசிரியர் இரத்தினம். பட்டங்கள் பெயர்ப்பலகையில் அடங்காமல் பக்கத்து அறைக் கதவு வரை நீண்டதால், அந்த அறையில் இருந்தவரை மாடிக்கு மாற்றியிருந்தார்கள். அவர் கடைசியாக நுணுக்குக்காட்டியில் கண் வைத்துப் பதினொரு வருசம். தான் எழுதும் பூச்சிக்குத் தன் பெயரையே வைப்பது நாகரிகம் இல்லை என்பதால், கட்டுரையை டினோஜா தனியே எழுதியதாக இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். பெயரை அவள் சுதந்திரமாகத் தெரிவு செய்யலாம், 'இரத்தினமி' என்று.

2025 மாசியில் பேசாலைக் கோயில் மண்டபத்தில் பூச்சிக்கு விழா எடுத்தார்கள். மாலை, குத்துவிளக்கு, முன்வரிசைக்குக் குசன் கதிரை. சுவரில் படுக்கை விரிப்பு அகலத்துக்கு ஒரு செட்டையின் படம் விழுந்தது. பேராசிரியர் எழுபது நிமிடம் பேசினார். இந்த முடிச்சு அறுபது லட்சம் வருசத்துப் பரிணாமத்தின் கைவண்ணம் என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் முந்நூறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இடப்பக்கம், இரண்டு சுற்று. யாருடைய கை என்று அங்கே தெரியாதவர்கள் குசன் கதிரையில் இருந்தவர்களும் டினோஜாவும்தான். றஞ்சிதம் எழும்பினார்.

"சேர், அது பரிணாமம் இல்லை. அது நான்."

அருளப்பு அவர் சேலையைப் பிடித்து இழுத்தார். றஞ்சிதம் தட்டிவிட்டார். "போன வருசத்துக்கு முந்தின வருசக் கச்சானுக்குப் போட்டது. மூண்டாவது முடிச்சு கொஞ்சம் தளர்ந்து கிடக்கு, பாருங்கோ. அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல்."

பேராசிரியர் கழுத்து மாலையோடேயே காரில் ஏறினார். அடுத்த நாள் நான்கு பந்தியில் கடிதம் வந்தது. இந்தப் பூச்சியோடு தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, தன் பெயரை எவ்விடத்திலும், எவ்வடிவிலும், எக்காலத்திலும் பயன்படுத்தக்கூடாது என்று அதில் இருந்தது.

டினோஜா முருங்கைக்குக் கீழே இருந்து அழுதாள். "ஏன் மாமி வாயைத் திறந்தனீங்கள்? ஒண்டரை வருசம்! இனி ஆர் என்ர எழுத்தை நம்புவினம்?"

"வேற ஆரும் போட்ட முடிச்செண்டால் பேசாமல் இருந்திருப்பன் பிள்ளை. என்ர முடிச்சை ஆரோ அறுபது லட்சம் வருசமாப் போட்டதெண்டு சொன்னால் நான் சும்மா இருக்கிறதோ?"

டினோஜா மூக்கைத் துடைத்தாள். பிறகு, விஞ்ஞானம் படித்தவள் என்பதால், சரியான கேள்விக்கு வந்தாள். பொத்திய சட்டை பிள்ளைக்குப் பிறப்பில் வராது. முடிச்சு பொத்தியது மட்டும்தான் என்றால், இனி பிறக்கும் பூச்சிக்கு அது இருக்கக்கூடாது. முடிச்சில்லாமல் பிறந்தால் கட்டுரையைத் தானே கிழிப்பாள், கந்தோரையும் விடுவாள். போத்தலில் முருங்கை மொட்டு வைத்து, முட்டையிடவிட்டு, தாய்ப் பூச்சிகளை எடுத்துவிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டினாள். ஊசி கிட்ட வரக்கூடாது என்று பூனையையும் வெள்ளாங்குளத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். போத்தல் கோயில் அலுமாரியில் பூட்டப்பட்டது, சாவி பங்குச் சுவாமியிடம். பதினெட்டு நாள் பேசாலை, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற வீடு மாதிரி இருந்தது. றஞ்சிதம் வலையையும் தொடவில்லை. அருளப்பு தன் வலையைத் தானே பொத்தி, அடுத்த நாளே அதை மீனிடம் பறிகொடுத்தார்.

பத்தொன்பதாம் நாள் காலை, ஊசி என்றால் என்னவென்று அறியாத முப்பத்தேழு பூச்சிகள் செட்டை விரித்திருந்தன. டினோஜா ஒவ்வொன்றாக மூன்று தரம் பார்த்தாள். முப்பத்தேழிலும் மூன்று முடிச்சு. இடப்பக்கம், இரண்டு சுற்று. பிறகு நுணுக்குக்காட்டியை மாமியின் பக்கம் தள்ளினாள். றஞ்சிதம் அதை ஒதுக்கிவிட்டுப் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஓம், என்ரதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூண்டாவது எல்லாத்துக்கும் தளர்வு. என்ர காய்ச்சலும் போயிருக்கு" என்றார்.

சுவாமி மணி அடிப்பித்தார். கட்டுரை அவ்வருசமே அச்சேறியது, எழுதியவர் டினோஜா, தனியே. பேராசிரியர் வாழ்த்தோடு, பெயர் பற்றிய பழைய ஏற்பாட்டை நினைவூட்டியும் எழுதினார். டினோஜா பதிலாக அவருடைய நான்கு பந்திக் கடிதத்தின் பிரதியை அனுப்பினாள். மாமியின் பெயரை வைக்கலாம் என்றால் மாமி விடவில்லை. "பூச்சிக்கு என்ர பேரோ? ஊரின்ர பேரை வை. முடிச்சு இருக்கேக்க எனக்கென்னத்துக்குப் பேர்." ஆகவே அது 'பேசாலையென்சிஸ்' ஆயிற்று. வேறுபடுத்தும் இயல்பு என்ற இடத்தில் இப்படி இருக்கிறது: செட்டைக் கரையில் மூன்று முடிச்சு, இடப்பக்கம் இரு சுற்று, மூன்றாவது சற்றுத் தளர்ந்தது, காரணம் காய்ச்சல். அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் வெட்டச் சொன்ன பதிப்பாசிரியருக்குப் போத்தலை அனுப்பினாள். அவர் வெட்டவில்லை.

கச்சானில் கிழிந்த பூச்சிகள் இப்போதும் வருகின்றன. வெள்ளாங்குளத்திலிருந்து திரும்பிய பூனை மீசை கொடுக்கிறது. சுற்றுவட்டத்து ஊர்களில் தங்கள் முருங்கையிலும் அந்த இனம் உண்டு என்று சொல்கிறார்கள். பேசாலையார் மறுப்பதில்லை. முடிச்சைக் காட்டச் சொல்கிறார்கள்.